உயிர்த்தெழுதலும் ஒரு மதிற்சுவரும்

சில வருஷங்களுக்கு முன்பு, உயிர்த்த ஞாயிறு கழிந்த மூன்றாம் நாள், காவிரிக் கரையை அடுத்த ஓர் ஊருக்கு ஒரு சவ அடக்கத்துக்காகப் போயிருந்தேன். இறந்துபோனவர் என் நண்பர் ஒருவரின் தாயார். நண்பர் பள்ளிக்கூட வாத்தியார். அந்த அம்மாள் மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றில் முப்பது வருஷம் ஆயாவாக இருந்தவர். அவர் கையால் முதல் குளியல் குளிக்காத குழந்தை அந்த வட்டாரத்தில் குறைவு என்று வந்திருந்தவர்கள் பேசிக்கொண்டார்கள்.

கோவிலில் பண்டிகைக் களை இன்னும் போகவில்லை. வாடிய மாலைகளுக்கு நடுவே உயிர்த்த ஆண்டவரின் சுரூபம் கையில் கொடியோடு நின்றுகொண்டிருந்தது. அதன் முன்னால் பெட்டியை வைத்து ஜெபம் சொன்னார்கள். இளவயதுப் பாதிரியார் ஒருவர் நன்றாகவே பிரசங்கம் செய்தார். மரணம் தோற்றுவிட்டது என்றார். இந்தத் தாய் உறங்குகிறாள், கடைசி நாளில் இதே சரீரத்தோடு எழுந்து நிற்பாள் என்றார். நான் கிறிஸ்தவன் அல்லன். ஆனாலும் அந்த வார்த்தைகளைக் கேட்டபோது எனக்கும் தொண்டையை அடைத்தது.

பிறகு கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். சாலையைப் பார்த்தாற்போல் இருந்த பெரிய இரும்புக் கதவு வழியாகப் பெட்டி போகவில்லை. பக்கத்துச் சந்தில் திரும்பி, சுற்றிக்கொண்டு, பின்புறத்தில் இருந்த ஒரு சிறிய வாசல் வழியாகப் போயிற்று. உள்ளே போன பிறகுதான் காரணம் தெரிந்தது. தோட்டத்தின் குறுக்கே ஆள் உயரத்துக்கு ஒரு சுவர். அந்தப் பக்கம் சலவைக்கல் சிலுவைகள்; இந்தப் பக்கம் பெரும்பாலும் மண்மேடுகள். அந்தப் பக்கம் மேல்ஜாதிக் கிறிஸ்தவர்கள். இந்தப் பக்கம் தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவர்கள்.

திரும்பி வரும்போது, ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் இதைப் பற்றிக் கேட்டேன். அவர் முரடர் அல்லர், நல்ல மனிதர். காலையிலிருந்து கூடவே இருந்து, எல்லாருக்கும் காபி வரவழைத்துக் கொடுத்தவர். அவர் சாந்தமாகச் சொன்னார்: "கடைசி நாள்ல எல்லாரும் ஒண்ணாத்தான் சார் எழுந்திரிக்கப் போறோம். அதுவரைக்கும் அவங்கவங்க எடத்துல இருக்கறதுதானே முறை?"

இந்தக் கட்டுரை அந்த ஒரு வாக்கியத்துக்கு நான் சொல்ல நினைத்து, துக்க வீடு என்பதால் சொல்லாமல் வந்துவிட்ட பதில்.

முதலில் ஒரு ஆட்சேபத்தைத் தீர்த்துவிடுகிறேன். 'உனக்கென்ன இதில்? நீ கிறிஸ்தவன் இல்லையே. உங்கள் சுடுகாடுகளின் யோக்கியதை என்ன?' என்று கேட்பார்கள். கேட்க வேண்டியதுதான். எங்கள் சுடுகாடுகளின் யோக்கியதை கேவலமானது. பிணம் போகப் பாதை விடாத ஊர்கள் எங்களிடம் உண்டு. அதைப் பற்றியும் எழுதியிருக்கிறேன், இனியும் எழுதுவேன். ஆனால் எங்கள் தரப்பில் அந்தக் கொடுமைக்கு வக்காலத்து வாங்கச் சாஸ்திரம் இருந்தது. பிறப்பிலேயே ஏற்றத்தாழ்வு, போன ஜன்மத்து வினை என்றெல்லாம் ஒரு தத்துவத்தைக் கட்டி வைத்திருந்தார்கள். அந்தத் தத்துவத்தை எதிர்த்துச் சண்டை போடலாம், போட்டுக்கொண்டும் இருக்கிறோம். கிறிஸ்தவர்களுக்கு அப்படி ஒரு சாஸ்திரமே கிடையாது. இருப்பதெல்லாம் அதற்கு நேர் விரோதமான ஒரு விசுவாசம். அதை ஞாயிற்றுக்கிழமை தோறும் எழுந்து நின்று வாய்விட்டு அறிக்கை செய்கிறார்கள். ஆகவே சுவர் எங்களுக்கு அநியாயம். அவர்களுக்கோ அநியாயத்தோடு பொய்ச்சாட்சியும் ஆகிறது.

அந்த விசுவாசம் என்ன சொல்கிறது? ஆத்மா அழியாது என்பதா? அதைச் சொல்லக் கிறிஸ்து வேண்டியதில்லை. கிரேக்கத்தில் பிளேட்டோ சொன்னார். நம் நாட்டில் உபநிஷதங்கள் சொல்லின. உடம்பு சட்டையைப் போன்றது, கழற்றிப் போட்டுவிட்டு ஆத்மா போய்விடும் என்பது நமக்குப் பழகிப்போன பேச்சு. கிறிஸ்தவம் அதைச் சொல்லவில்லை. சரீரம் உயிர்த்தெழும் என்கிறது. சதையும் எலும்புமாக இருந்த இந்த மனிதன், இந்தப் பெண், மகிமையான வேறொரு நிலையில், ஆனால் அதே ஆளாக எழுந்து நிற்பார்கள் என்கிறது. தோமையாருக்குக் கிறிஸ்து தம் காயங்களைக் காட்டினார் என்று யோவான் எழுதுகிறார். ஆணி அடித்த கையே எழுந்து வந்தது, தழும்பு மறையவில்லை. அந்த விசுவாசத்தை ஏற்பதும் ஏற்காததும் அவரவர் இஷ்டம். ஆனால் ஏற்றுக்கொண்ட பிறகு, 'இந்தச் சரீரம் தீட்டு, என் சரீரத்துக்குப் பக்கத்தில் படுக்கக்கூடாது' என்று சொல்ல வாய் எப்படி வருகிறது? தீட்டு என்பது உடம்பைப் பற்றிய நம்பிக்கை. உயிர்த்தெழுதலும் உடம்பைப் பற்றிய நம்பிக்கைதான். இரண்டும் ஒரே மண்டையில் குடியிருக்க முடியாது. ஒன்று இருந்தால் மற்றது வெறும் வாய்ப்பாடு.

கிறிஸ்துவின் அடக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அவருக்குச் சொந்தக் கல்லறை கிடையாது. அரிமத்தேயா ஊர் யோசேப்பு தமக்கென்று பாறையில் வெட்டி வைத்திருந்த புதுக் கல்லறையைக் கொடுத்தார். யோசேப்பு செல்வந்தர், ஆலோசனைச் சபை உறுப்பினர். அடக்கப்பட்டவரோ சிலுவையில் அறையப்பட்ட குற்றவாளி. அந்தக் காலத்தில் அதைவிடக் கேவலமான சாவு இல்லை. அடிமைகளையும் கலகக்காரர்களையும் ரோமாபுரி அப்படித்தான் கொன்றது. அந்தப் பெரிய மனிதர் 'எங்கள் குடும்பக் கல்லறையில் இப்படிப்பட்ட பிரேதமா?' என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால், உயிர்த்த ஞாயிற்றுக்குக் கல்லறையே இருந்திராது. இரவல் கல்லறையில் படுத்து எழுந்தவரின் பெயரால், கல்லறைக்கு ஜாதிப் பட்டா எழுதுகிறார்களே, இவர்களுக்கு அந்தக் கதையின் எந்தப் பகுதி ஞாபகம் இருக்கிறது?

இனி, பெரியவர் சொன்ன 'அதுவரைக்கும்' என்ற வார்த்தை. விஷமெல்லாம் அந்த வார்த்தையில்தான் இருக்கிறது. நம்பிக்கை என்றால் காத்திருப்பது, காத்திருப்பது என்றால் உள்ளதை உள்ளபடி விட்டுவைப்பது என்று அர்த்தம் பண்ணிக்கொண்டிருக்கிறார்கள். ஏழைக்கு மோட்சத்தைக் காட்டி இந்த உலகத்தில் அவன் வாயை அடைக்கிறது மதம் என்று மார்க்ஸியர்கள் சொன்னால் கோபம் வருகிறது. அந்தக் குற்றச்சாட்டுக்கு இதைவிட நல்ல சாட்சியை அவர்கள் எங்கே தேடுவார்கள்?

ஆனால் உயிர்த்தெழுதல் என்ற நம்பிக்கை பிறந்த விதமே வேறு. சௌக்கியமாக இருந்தவர்களின் மனசில் அது பிறக்கவில்லை. யூதர்களில் அந்த நம்பிக்கை கெட்டிப்பட்டது, கொடுங்கோல் அரசன் கையில் நீதிமான்கள் செத்து விழுந்த காலத்தில். இவர்களுக்குச் செய்த அநியாயத்தோடு கணக்கு முடிந்துவிட்டதா, கடவுள் நீதியுள்ளவரானால் இவர்களை எழுப்ப மாட்டாரா என்ற கேள்வியிலிருந்து அது வளர்ந்தது. கிறிஸ்துவின் காலத்தில் எருசலேம் ஆலயத்தைத் தங்கள் கையில் வைத்திருந்த சதுசேயர்கள் அதை ஏற்கவில்லை. பதவியும் பணமும் உள்ள குருக்கள் வர்க்கம் அது. அவர்களுக்கு எழுந்திருக்க வேண்டிய அவசியம் என்ன? அவர்கள் ஏற்கனவே உட்கார்ந்திருந்தார்கள்.

கிறிஸ்துவின் உயிர்த்தெழுதலும் ஒரு தீர்ப்பைப் புரட்டிய கதைதான். பிலாத்து தண்டனை விதித்தான். கல்லறை வாயிலுக்கு முத்திரை வைத்துக் காவலும் போட்டார்கள் என்று மத்தேயு எழுதுகிறார். வழக்கு முடிந்தது, கோப்பைக் கட்டி வைத்தாயிற்று. அந்த முத்திரையை மதிக்காமல் எழுந்தவர் அவர். முதலில் யாருக்குக் காட்சி கொடுத்தார்? பிலாத்துவுக்கு அல்ல, தலைமைக் குருவுக்கும் அல்ல. மகதலா ஊர் மரியாளுக்கு. பெண்களின் சாட்சிக்கு மதிப்புக் குறைந்த அந்தக் காலத்தில், ஒரு பெண்ணை நம்பி இவ்வளவு பெரிய சேதியைக் கொடுத்தார். அவளும் அவரை முதலில் தோட்டக்காரன் என்றுதான் நினைத்தாள். மண்ணில் வேலை செய்கிற கூலி ஆளாகத் தோற்றம் தந்த கடவுளை, இன்று மண்ணில் வேலை செய்கிறவன் படுக்கும் பக்கத்திலிருந்து சுவர் வைத்துப் பிரிக்கிறார்கள்!

எழுந்த பிறகு அவர் செய்த காரியங்களைப் பாருங்கள். எம்மாவு ஊருக்குப் போன இரண்டு பேரோடு வழி நடந்தார். சாப்பாட்டு மேஜையில் ரொட்டியைப் பிட்டபோதுதான் அவர்கள் ஆளைக் கண்டுகொண்டார்கள். திபேரியாக் கடற்கரையில் கரி நெருப்பு மூட்டி, மீன் சுட்டு, இரவெல்லாம் வலை வீசிக் களைத்தவர்களைச் சாப்பிடக் கூப்பிட்டார். மரணத்தை ஜெயித்தவர் வானத்தில் இடிமுழக்கம் செய்யவில்லை. காலைப் பலகாரம் சமைத்தார். உயிர்த்தெழுதலுக்கும் தினசரி வாழ்க்கைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் அந்த அடுப்பைப் பார்க்கட்டும். ஒரே நெருப்பு, ஒரே பந்தி.

பந்தியில் பிரச்சினை உடனே வரத்தான் செய்தது. அந்தியோக்கியாவில் பேதுரு, யூதரல்லாத கிறிஸ்தவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேமிலிருந்து சிலர் வந்ததும், அவர்கள் என்ன சொல்வார்களோ என்று பயந்து ஒதுங்கிக்கொண்டார். உயிர்த்த கிறிஸ்துவைக் கண்ணால் கண்டவர், திருச்சபையின் தலைவர்! பவுல் என்ன செய்தார்? 'பழைய வழக்கம், மெதுவாக மாறட்டும்' என்றா சொன்னார்? எல்லார் முன்னிலையிலும் முகத்துக்கு நேரே எதிர்த்தார். கலாத்தியருக்கு எழுதின கடிதத்தில் அவரே அதைச் சொல்கிறார். அதே பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தில், உயிர்த்தெழுதலைப் பற்றி ஒரு முழு அதிகாரம் எழுதினார். கிறிஸ்து எழவில்லையென்றால் எல்லாம் வீண் என்று வாதாடுகிற அதிகாரம் அது. அடுத்த அதிகாரத்தை எதில் ஆரம்பிக்கிறார் தெரியுமா? எருசலேமில் உள்ள விசுவாசிகளுக்காகப் பணம் சேர்க்கிற விஷயத்தில்! வாரத்தின் முதல் நாளில் ஒவ்வொருவரும் தம்மால் ஆனதை எடுத்து வைக்கச் சொல்கிறார். அவருக்கு அந்த இரண்டும் ஒரே விஷயம்தான். இடையில் 'அதுவரைக்கும்' என்ற வார்த்தை இல்லை.

நம் நாட்டில் அந்த வார்த்தை எப்படி நுழைந்தது? சரித்திரம் நீளமானது, சுருக்கிச் சொல்கிறேன். 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி, ஜாதி என்பது சமூக வழக்கம், மத விஷயம் அல்ல என்ற பாதையைப் போட்டார். உயர்ஜாதியாரைக் கவர அதுதான் வழி என்று அவர் நினைத்தார். அவருடைய தமிழை நான் மதிக்கிறேன், அந்தப் பாதையை மதிக்க முடியவில்லை. சீர்திருத்த சபையார் மட்டும் யோக்கியர்களா? 1833இல் ஆங்கிலிக்கன் பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் ஜாதி வித்தியாசத்தை உடனே, அடியோடு விட வேண்டும் என்று கடிதம் எழுதினார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் திரளான பேர் ஆலயத்தை விட்டே வெளியேறினார்கள். ஜாதியை விடுவதைவிடக் கோவிலை விடுவது அவர்களுக்குச் சுலபமாக இருந்தது.

வடக்கன்குளத்தைப் பாருங்கள். திருநெல்வேலிச் சீமையில் உள்ள அந்த ஊரில் 1872இல் ஒரு கோவில் கட்டினார்கள். ஒரே பீடம், அதை நோக்கி இரண்டு தனித்தனிக் கூடங்கள். ஒன்றில் வெள்ளாளர், மற்றொன்றில் நாடார் முதலியோர். இரு தரப்பாரும் பீடத்தைப் பார்க்கலாம், ஒருவரையொருவர் பார்க்க முடியாது. கால்சட்டையைப் போல இரண்டாகப் பிரிந்திருந்ததால், கால்சட்டைக் கோவில் என்றே அதற்குப் பெயர் வந்தது. 1910இல் கௌசானல் என்ற சேசு சபைப் பாதிரியார் அந்தத் தடுப்பை இடித்தார். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போயிற்று. தனி இடம் கேட்டவர்கள் தோற்றார்கள். வானம் இடிந்து விழவில்லை, கோவிலும் விழவில்லை. சுவர் மட்டும்தான் விழுந்தது.

இதே வடக்கன்குளத்தில்தான், 1745இல், நீலகண்ட பிள்ளை என்ற திருவிதாங்கூர் அரசாங்க ஊழியர் ஞானஸ்நானம் பெற்றார். தாழ்ந்தவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களோடு கலந்து பழகினதும் அவர்மேல் வந்த பகைக்கு ஒரு காரணம். 1752இல் ஆரல்வாய்மொழியில் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே மாதம் போப்பாண்டவர் அவரைப் புனிதராக அறிவித்தபோது, பெயரிலிருந்து 'பிள்ளை'யை எடுத்துவிட்டார்கள். ஜாதியைத் துறந்தவருக்கு ஜாதிப் பட்டம் எதற்கு என்று கேட்டவர்களின் குரலுக்குச் செவிசாய்த்தார்கள். அவர் ஞானஸ்நானத்தில் பெற்ற பெயர் லாசரு. அதன் தமிழாக்கம்தான் தேவசகாயம். லாசரு யார்? நான்கு நாள் கல்லறையில் கிடந்து, கிறிஸ்து கூப்பிட்ட குரலுக்கு வெளியே வந்தவன். அப்படிப்பட்ட பெயர்கொண்ட புனிதருக்குக் கொடியேற்றித் தேர் இழுத்துவிட்டு, இறந்தவர்களைச் சுவருக்கு இரு பக்கமும் பிரித்துப் புதைப்பது என்ன பக்தி?

இது ஏதோ ஒரு மூலைக் கிராமத்துச் சமாசாரம் என்று தள்ளிவிடாதீர்கள். திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்துச் சுவரைப் பற்றி நம் காலத்துப் பத்திரிகைகள் பலமுறை எழுதியிருக்கின்றன. 2008 மார்ச் 9ஆம் தேதி, அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில், மேல்ஜாதிக் கிறிஸ்தவர்களுக்கும் தலித் கிறிஸ்தவர்களுக்கும் நடந்த மோதலில் போலீஸ் சுட்டு இரண்டு பேர் செத்தார்கள். தவக்காலம் அது, உயிர்த்த ஞாயிற்றுக்குச் சரியாக இரண்டு வாரம் இருந்தது. 2016இல் இந்தியக் கத்தோலிக்க ஆயர்களே, திருச்சபைக்குள் தீண்டாமை இருக்கிறது என்பதை ஒப்புக்கொண்டு ஒரு கொள்கை அறிக்கை வெளியிட்டார்கள். ஒப்புக்கொண்டது பெரிய காரியம்தான். ஆனால் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு அதே பாவத்தோடு வீட்டுக்குப் போகலாம் என்று எந்த ஞானோபதேசத்திலும் எழுதவில்லை.

இன்னொரு கொடுமையும் உண்டு. 1950இல் வந்த ஜனாதிபதி உத்தரவு, தாழ்த்தப்பட்டவர் பட்டியலில் இந்துக்களை மட்டும் வைத்தது. 1956இல் சீக்கியரைச் சேர்த்தார்கள், 1990இல் பௌத்தரைச் சேர்த்தார்கள். கிறிஸ்தவரைச் சேர்க்கவில்லை. உங்கள் மதத்தில்தான் ஜாதி இல்லையே என்பது அதற்குச் சொல்லப்படுகிற நியாயம். என் நண்பர் அன்று ராத்திரி என்னிடம் சொன்னார்: "தாலுகா ஆபீஸ்ல எனக்கு ஜாதி இல்லேங்கறான். கல்லறையில உண்டுங்கறான். சலுகை கேக்கப் போனா கிறிஸ்தவன், சாகப் போனா பறையன். நான் எதுதான் சார்?" எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தப் பதிலைச் சொல்ல வேண்டியவர்கள் அவருடைய கோவிலில் இருக்கிறார்கள்.

மூன்று சமாதானங்கள் வழக்கமாகச் சொல்லப்படுகின்றன. சுவர் பழையது என்பது ஒன்று. கிறிஸ்துவின் கல்லறையை அடைத்த கல்லைவிடப் பழையது அல்ல. அதையே புரட்டினார்கள் என்றுதானே நீங்கள் பண்டிகை கொண்டாடுகிறீர்கள்? இடித்தால் கலகம் வரும் என்பது இரண்டாவது. கலகம் வரும் என்று பயந்துதான் பிலாத்து கை கழுவினான். சுவரில் என்ன இருக்கிறது, மனசு மாற வேண்டும் என்பது மூன்றாவது. இதுதான் கேட்க மிக அழகானது. மனசு மாறியதற்கு அடையாளம் வேண்டாமா? மனசு மாறினவன் கை சும்மா இருக்குமா? சுவரைக் கட்டியபோது செங்கல்லும் சுண்ணாம்பும் வாங்கினார்கள். கொத்தனாருக்குக் கூலி கொடுத்தார்கள். அப்போது மனசைக் கொண்டு மட்டும் கட்டவில்லை. இடிக்கும்போது மட்டும் மனசு போதும் என்றால் எப்படி?

கிறிஸ்தவ நம்பிக்கையை நான் பரிகாசம் செய்யவில்லை. செத்தவர்களோடு எல்லாம் முடிந்துவிடவில்லை, கொல்லப்பட்டவனே கடைசியில் நியாயம் பெறுவான், மிதிக்கப்பட்ட உடம்பு மகிமை அடையும் என்பதைவிட உயர்ந்த நம்பிக்கை ஒன்று மனித ஜாதிக்குக் கிடைக்குமா என்று எனக்குத் தெரியவில்லை. என்னால் முழுக்க நம்ப முடியாவிட்டாலும், நம்புகிறவர்களைப் பார்த்துப் பொறாமைப்படுகிறேன். அதனால்தான் இவ்வளவு கோபம் வருகிறது. கடைசி நாள் என்ற ஒன்று வருமானால், நடக்கப்போவதை இன்றைக்கே கொஞ்சமாவது நடத்திக் காட்டுவதுதான் அதை நம்புவதற்கு அர்த்தம். சாயங்காலம் விருந்தாளி வருகிறார் என்று நிஜமாக நம்புகிறவள் காலையிலேயே வாசல் தெளிக்கிறாள். நம்பாதவள்தான் 'வரும்போது பார்த்துக்கொள்ளலாம்' என்பாள்.

அந்த ஆயா அம்மாளை நான் உயிரோடு பார்த்ததில்லை. சுவருக்கு அந்தப் பக்கத்துக் குடும்பங்களில் பிறந்த எத்தனையோ குழந்தைகளை முதலில் தொட்டுத் தூக்கியது அவருடைய கை. அப்போது தீட்டு இல்லை. அந்தக் கையை மண்ணுக்குள் வைக்கும்போது மட்டும் தீட்டு வந்துவிட்டது. அந்தக் கை எழுந்திருக்கும் என்று பாதிரியார் சொன்னார். அது எழுந்து வரும்போது எதிரே சுவர் நிற்குமானால், யார் கட்டியது என்று கேட்பார்கள். அன்றைக்கு 'அதுவரைக்கும்' என்று சொல்ல முடியாது. பெரியவரே, உங்களுக்கு நான் அன்று சொல்லாமல் வந்த பதில் இதுதான்: கடப்பாரை உங்கள் வீட்டிலேயே இருக்கும், அடுத்த உயிர்த்த ஞாயிற்றுக்குள் எடுங்கள்.